சின்சில்லாவுக்குச் சக்கரம்: சைக்கிள் ரிம் வேண்டாம், தேக்சா போதும்

வளர்ப்புப் பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். வெளிநாடு போகும்போது, தான் வளர்த்த இரண்டு சின்சில்லாக்களை (அடர்ந்த ரோமமுள்ள, கொறிக்கும் சிறு பிராணி) எங்களிடம் விட்டுச் சென்றிருக்கிறான். இரண்டும் ஆண், வயது இரண்டு. அவற்றுக்கென்று ஏ.சி. அறையும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் இரவெல்லாம் கூண்டுக்குள் முட்டி மோதுகின்றன. ஓடுவதற்குச் சக்கரம் வைத்தால் அடங்கும் என்கிறான் மகன். இங்கே கடையில் கிடைப்பது ஹாம்ஸ்டருக்கான சின்னச் சக்கரம்தான். பேரனின் பழைய 16 அங்குல சைக்கிள் பரணில் கிடக்கிறது. அதன் ரிம்மில் கம்பி வலையைச் சுற்றித் தானே ஒரு சக்கரம் செய்து தருவதாக என் கணவர் சொல்கிறார். செய்யலாமா?
நீடாமங்கலம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் கணவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அந்த ரிம்மைப் பரணிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

என் வீட்டுச் சின்சில்லா குருணையின் இடது பின்னங்காலை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். 2017 தை மாதத்தில், சென்னையில் ஒரு கடையில் வாங்கிய கம்பிச் சக்கரத்தை அவள் கூண்டில் மாட்டினேன். படிப்படியாகக் கம்பிகள் ஓடும் சக்கரம் அது, ஏணியை வளைத்து வைத்தது போல இருக்கும். நான் மன்னார்குடியில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவன். அதன் வெல்டிங் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் சக்கரம் நின்றிருந்தது, குருணை அதில் தொங்கிக்கொண்டிருந்தாள். கட்டிங் பிளேயரால் இரண்டு கம்பிகளை வெட்டித்தான் காலை விடுவிக்க முடிந்தது. ஒடிந்த எலும்பு தோலைக் கிழித்திருந்தது. நான்காம் நாள் மருத்துவர் காலை எடுத்துவிட்டார். மூன்று காலோடு இன்றும் என் அறையில்தான் இருக்கிறாள். இந்தப் பகுதியில் சக்கரத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் நீளமாக எழுதுவது அதனால்தான்.

சின்சில்லாவின் பின்னங்காலில் தொடையெலும்பைவிடக் கணைக்கால் எலும்பு நீளம். அதன்மேல் சதை மிகக் குறைவு. ஆண்டீஸ் மலைப் பாறைகளில் தாவுவதற்காக அமைந்த கால் அது. தாவும்போது வளைந்து கொடுக்கும், ஆனால் பக்கவாட்டில் திருகினால் ஒடிந்துவிடும். ஓடுகிற வேகத்தில் கால் ஓர் இடுக்கில் நுழைந்தால் உடல் முன்னே போகும், கால் பின்னே நிற்கும், சக்கரம் அதைத் திருகும். உங்கள் கணவர் சொல்லும் ரிம்மில் ஆரக்கம்பியும் உண்டு, வலைக்கண்ணும் உண்டு, நடுவே அச்சும் உண்டு. கால் மாட்டுவதற்கு ஒரு வழி போதும், இதில் மூன்று இருக்கின்றன.

அளவும் சரியாக வராது. சைக்கிளில் 16 அங்குலம் என்பது டயரோடு சேர்த்துச் சொல்வது. டயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள், ரிம் 12 அங்குலம்தான் தேறும். சின்சில்லாவுக்கு உள்விட்டம் குறைந்தது 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் வேண்டும். அதைவிடச் சிறிதானால் முதுகு மேல்நோக்கி வளைந்தபடியே ஓட வேண்டிவரும். ஒரு நாள் ஓடினால் ஒன்றும் தெரியாது. இரவுதோறும் ஓடினால் முதுகெலும்பு என்ன ஆகும் என்று யோசியுங்கள். 10 வருடத்துக்கு மேல், சில வேளை 20 வருடம்கூட வாழும் பிராணி இது.

எனவே சக்கரம் 40 சென்டிமீட்டர் விட்டத்தில், ஓடும் பரப்பு முழுத் தகடாக, முன்பக்கம் திறந்து, குறுக்கே அச்சு இல்லாமல், பின்னாலிருந்து மட்டும் தாங்கப்பட்டுச் சுழல வேண்டும். எழுதும்போது கடினமாகத் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட பொருள் நம் ஊர்ப் பாத்திரக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறது. அடி தட்டையான, பக்கம் நேராக நிற்கிற அலுமினியத் தேக்சாதான் அது. பக்கவாட்டில் படுக்க வைத்தால் அதன் வாய்தான் திறந்த முன்பக்கம், அடிதான் தாங்கும் பின்பக்கம்.

காலைப் பறிகொடுத்த பிறகு இரண்டு வருடம் நான் எந்தச் சக்கரத்தையும் தொடவில்லை. 2019-இல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சமையல் கூடத்தில் கவிழ்த்து வைத்திருந்த தேக்சாவைப் பார்த்ததும்தான் மனதில் பொறி தட்டியது. மறுநாளே கடைத்தெருவுக்குப் போய், 40 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம், 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று வாங்கினேன். கைப்பிடி அடிக்காததாகக் கேட்டு வாங்குங்கள், ரிவெட் துளையை அடைக்கும் வேலை மிச்சமாகும். வாய் விளிம்பு உருட்டி மடித்ததாக இருக்கட்டும். அந்த மடிப்புதான் சின்சில்லா ஏறி இறங்கும் வாசல். உயரமான பாத்திரத்தை வெட்டிக் குட்டையாக்கலாம் என்று யாராவது சொன்னால், வெட்டிய விளிம்பை மறுபடி உருட்டித் தரும் பாத்திரப் பட்டறை கையில் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

பித்தளையும் ஜி.ஐ. தகடும் வேண்டாம். சின்சில்லாவின் பல் வாழ்நாள் முழுதும் வளர்வதால் எதையும் கொறித்துப் பார்க்கும். இரண்டிலும் இருக்கிற துத்தநாகம் உள்ளே போனால் நஞ்சு. பிளாஸ்டிக் இன்னும் மோசம். துணுக்கு துணுக்காக விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். எவர்சில்வர் நல்லது, கனம் மட்டும் கூடுதல். கணவருக்கு மர வேலைதான் கைவந்தது என்றால், பலகையைச் சக்கரத்துக்கு வேண்டாம், தாவி ஏறும் தட்டுகளுக்குப் பயன்படுத்தட்டும். இறக்குமதிப் பெட்டிகளின் பைன் பலகையில் முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் நச்சுப்புகை காட்டியது, வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். எலுமிச்சை, நார்த்தை மரங்கள் கூடாது. பிளைவுட்டும் கூடாது, அதில் மரத்தோடு பசையும் வாய்க்குள் போகும்.

இனி லேத் வேலை. இந்தப் பத்தியை அப்படியே வெட்டி உங்கள் ஊர் லேத்காரரிடம் கொடுங்கள். சீலிங் ஃபேனில் போடும் 6202 பேரிங் இரண்டு வேண்டும். உள்துளை 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35. இரும்பு மூடி போட்டதை விடுத்து, இருபுறமும் ரப்பர் சீல் வைத்ததாகக் கேளுங்கள். சிறுநீரும், சின்சில்லா உருண்டு குளிக்கும் பொடியும் உள்ளே போகாது. இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தி வைக்கும்படி ஒரு எவர்சில்வர் புஷ் (குழல் போன்ற கூடு) கடைய வேண்டும். புஷ்ஷின் ஒரு முனையில் 10 சென்டிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் கனத்தில் பிளேஞ்ச், அதாவது வட்டத் தட்டு. 15 மில்லிமீட்டர் ஷாப்டை (அச்சுத் தண்டை) பேரிங்குகளுக்குள் நுழைத்து, பிளேஞ்ச் பக்கத்து முனையில் சர்கிளிப் (கழன்று வராமல் பூட்டும் வளையம்) போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளேஞ்சைத் தேக்சாவின் அடியில், வெளிப்பக்கமாக, நான்கு 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் இணைக்க வேண்டும். இந்த வரிசையில் செய்தால் தேக்சாவின் நடுவே துளையே தேவைப்படாது. பேரிங், சர்கிளிப் எல்லாம் பிளேஞ்சுக்குப் பின்னால் மறைந்துவிடும். உள்ளே தெரிவது நான்கு குமிழ்த்தலை போல்ட்டுகள் மட்டும். பின்னால் நட்டும் வேண்டாம். பிளேஞ்சிலேயே மரை போட்டு, போல்ட் நுனி வெளியே நீட்டாத நீளத்தில் வெட்டிவிடச் சொல்லுங்கள். சுழலும் எதிலும் ஒரு மூலைகூட நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஒரு பேரிங் போதாதா என்று எந்த லேத்காரரும் கேட்பார். போதாது. தேக்சா மட்டும் ஏறத்தாழ 1.7 கிலோ, அதற்குள் அரைக்கிலோ உயிர் ஒன்று தாவி ஓடுகிறது, அவ்வளவும் ஒரே பக்கமாகத் தொங்குகிறது. ஒற்றைப் பேரிங்கில் சக்கரம் தலையாட்டும், ஆடுகிற சக்கரத்தின் விளிம்பு எங்கே உரசும் என்று சொல்ல முடியாது.

ஷாப்டின் மறுமுனையைக் கூண்டின் கம்பியில் நேராகக் கட்டாதீர்கள். ஆறு அங்குலச் சதுர எவர்சில்வர் தகடு இரண்டு எடுத்து, கம்பிகளுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்து நெருக்கி முடுக்கி, அவற்றின் நடுவே ஷாப்டை நிறுத்துங்கள். சக்கரத்தின் விளிம்புக்கும் பக்கத்துத் தட்டு, கிண்ணம், சுவர் எதற்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழையும் இடம் இருக்கட்டும். அசையாத பொருளை ஒட்டி அசையும் விளிம்பு ஓடினால் அது கத்தரிக்கோல்.

அடுத்தது வழுக்கல். பளபளக்கும் அலுமினியத்தில் சிறுநீர் பட்டால் கால் நிற்காது. உப்புத்தாள் ஒட்டும் யோசனை பலருக்கும் வரும், ஒட்டிவிடாதீர்கள். பாதம் தேய்ந்து புண்ணாகும், புண் பழுத்தால் ஆறுவது கடினம். துணி, சாக்கு, கார்ப்பெட் எதுவும் ஆகாது, நூல் பிரிந்து விரலைச் சுற்றும். நான் செய்தது நம் பாத்திரக்காரர்கள் குடத்தின் மேல் செய்யும் கொத்து வேலை. உருண்டை முகமுள்ள சின்னச் சுத்தியலால், உள்ளிருந்து வெளியே, மெதுவாகப் புள்ளி புள்ளியாகத் தட்ட வேண்டும். உட்புறம் ஆழமில்லாத குழிகள் விழும். கையால் தடவினால் அம்மை வடு ஆறிய தோல் போல இருக்கும். பிடிப்பும் கிடைக்கும், கூர்மையும் இருக்காது. சுற்று முழுவதும் தட்டி முடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

முடிந்ததும் விளக்குத் திரிக்கு வாங்கும் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து உருட்டி, உள்ளே ஓடும் பரப்பு, போல்ட் தலைகள், வாய் மடிப்பு, வெளி அடிப்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்துக்கொண்டு போங்கள். எங்கே ஓர் இழை மாட்டி நிற்கிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. நம் விரலுக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தை அரம் போட்டு, மறுபடி பஞ்சு வைத்துப் பாருங்கள். நான் மடிப்பின் அடியில் மட்டும் ஏழு இடம் கண்டுபிடித்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தும் அவற்றில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்கவில்லை. பிறகு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு நிற்க விடுங்கள். பத்து முறை விட்டாலும் வேறு வேறு இடத்தில் நின்றால் நல்லது. ஒரே இடம் கீழே வந்து நின்றால் அங்கே எடை கூடுதல், லேத்காரர் சரி செய்துவிடுவார். பாத்திரம், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து அன்று எனக்கு 2,600 ரூபாய் ஆனது.

உங்களிடம் இருப்பது இரண்டு ஆண்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றது உள்ளே குதித்தால் இரண்டும் தூக்கி எறியப்படும். முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், கால் மணி நேரம், ஒவ்வொன்றாக ஓட விடுங்கள். சண்டை வந்தால் இரண்டாவது தேக்சா வாங்கத்தான் வேண்டும். குட்டிகளுக்கும் கருவுற்ற பெண் சின்சில்லாவுக்கும் சக்கரம் கூடாது என்பதை மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள், பாதங்களைத் திருப்பிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏ.சி. அறை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நிம்மதி. ஆனால் நம் டெல்டாவில் குளிர் மட்டும் போதாது, காற்றின் ஈரத்தையும் கணக்கிட வேண்டும். சின்சில்லா வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அறையின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத சதவீதத்தோடு கூட்டினால் 150-ஐத் தாண்டக் கூடாது. 25 டிகிரி செல்சியஸ் என்பது 77 ஃபாரன்ஹீட். ஐப்பசி மழையில் ஈரப்பதம் 80 என்றால் கூட்டுத்தொகை 157. நமக்கு இதமாக இருக்கிற அந்த அறை அதற்கு ஆபத்து. அதே அறையை 22 டிகிரியில், 55 சதவீத ஈரத்தில் வைத்தால் 127-க்குள் அடங்கும். ஈரப்பதமும் காட்டும் சின்ன வெப்பமானி ஒன்றை வாங்கிக் கூண்டின் பக்கத்தில் மாட்டுங்கள். ஒரு மயிர்க்காலிலிருந்து 50-க்கும் மேற்பட்ட முடிகள் கிளம்பும் உடம்பு அது. அந்தப் போர்வையைக் கழற்ற முடியாது, வியர்க்கவும் தெரியாது. ஃபேன் காற்றால் பயனில்லை என்பதும் அதனால்தான்.

ஆகவே மின்சாரம் போனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, சக்கரத்தைக் கழற்றுவது. ஓடினால் உடம்பு இன்னும் சூடாகும், தானாக நிறுத்திக்கொள்ளத் தெரியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோது எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. தரையில் கடப்பைக் கல்லைப் போட்டு, அதன்மேல் குருணையையும் என் இன்னொரு சின்சில்லா தவிட்டையும் விட்டு, ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டில்களை ஈரம் படாமல் துணியில் சுற்றி இரு புறமும் வைத்தேன். ஐஸுக்காகத் திருவாரூர் வரை அலைந்திருக்கிறேன். கடப்பைக் கல் உங்கள் வீட்டிலும் ஒரு துண்டு கிடக்கும், இன்றே கூண்டில் வைத்துவிடுங்கள். காது செக்கச்சிவந்து, பக்கவாட்டில் படுத்து, வாயால் மூச்சு வாங்கினால் சூடு தலைக்கேறிவிட்டது என்று பொருள். குளிர்ந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். நடுராத்திரியில் தேட வேண்டியிராதபடி, சின்சில்லாவைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி: சின்சில்லாவுக்கு மணல் குளியல் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரேயே காவிரி. ஆற்று மணலைச் சலித்துப் போடலாமா? வைக்கோல் தின்னுமா?
திருவையாறு வாசகர்

பதில்: மணல் வேண்டாம். அது உருள்வது மணலில் இல்லை, எரிமலைச் சாம்பல் போன்ற மாவுப்பொடியில். அவ்வளவு நெருங்கிய ரோமத்துக்குள் புகுந்து எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டுமானால் பொடி மாவாக இருக்க வேண்டும். ஆற்று மணல் எத்தனை முறை சலித்தாலும் மணிமணியாகத்தான் இருக்கும், தோலையும் கண்ணையும் உறுத்தும். சின்சில்லாவுக்கென்று விற்கும் பொடியை வாரம் இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம் வையுங்கள். அடைமழைக் காலத்தில் இன்னும் ஒரு முறை கூட்டலாம். முகப்பவுடர் கூடவே கூடாது, நுரையீரலுக்குக் கேடு.

வைக்கோலில் சத்து இல்லை. திமோத்தி என்னும் காய்ந்த புல்தான் முதன்மை உணவு. அது வந்து சேரத் தாமதமானால் அருகம்புல்லை நிழலில் நன்றாகக் காயவைத்துக் கொடுக்கலாம். ஆனால் வயல் வரப்பில் அறுக்காதீர்கள், நெல்லுக்கு அடித்த மருந்து வரப்பிலும் விழுந்திருக்கும். நான் என் கொல்லையில் இரண்டு பாத்தி அருகு போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடியே தேக்சாச் சக்கரம் செய்தேன். எட்டு மாதமாக நன்றாக ஓடியது. இப்போது கீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: விடாதீர்கள். சீல் வைத்த பேரிங்குக்குள் எண்ணெய் போகாது, வெளியே வழிந்து பொடியோடு சேர்ந்து பிசினாகும், சின்சில்லா அதை நக்கும். முதலில் போல்ட்டுகளைப் பாருங்கள். ஒன்று தளர்ந்தாலே பிளேஞ்ச் தேக்சாவில் உரசிக் கீச்சிடும். எல்லாம் இறுக்கமாக இருந்தால், சக்கரத்தைக் கழற்றி ஷாப்டைப் பிடித்துக்கொண்டு புஷ்ஷைக் காதருகே மெல்லச் சுழற்றுங்கள். அரிசியில் கல் அரைபடுவது போலக் கேட்டால் பேரிங் போய்விட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையதோடு புதியதைப் போட்டால் புதியதும் சீக்கிரம் போகும். மாற்றி முடுக்கிய பிறகு பஞ்சை ஒரு முறை உள்ளே தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கூண்டில் மாட்ட வேண்டும்.